போயிட்டு வாரேன் என்று சொன்ன புரோகிராம்

மதியம் சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் படுத்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. அடுக்கடுக்காகத் தட்டுகள் வைத்த பெரிய இரும்புச் சட்டம் ஒன்று, இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மெதுவாக அந்தப் பக்கம் சாய்கிற சத்தம். கண்ணைத் திறந்தால் திண்டுக்கல்லில் என் வீட்டு அறைதான். மின்விசிறி சுற்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் சிறுமலை மேல் மேகம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வுபெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சட்டம் சாய்ந்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.

போன மாதம் நான் வேலைபார்த்த ஆபீசிலிருந்து ஒரு செய்தி வந்தது. என் இடத்தில் இப்போது இருக்கிற இரண்டு பெண்கள் பழைய புரோகிராம்களைத் திருத்தி எழுதுகிறார்களாம். ஓரிடத்தில் மூன்றே மூன்று வரிகள் இருக்கின்றன, அவற்றுக்கு மேலே குறிப்பாக ‘புறங்கை’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார்கள். மூன்று வரி ரொம்பக் குறைவாகப் படுகிறது, எடுத்துவிட்டு இன்னும் விரிவாக, அழகாக எழுதலாமா என்றும் கேட்டிருந்தார்கள். பதிலை போனில் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரி தட்டியதும் இது போனில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பொறியியல் படித்தேன், நல்ல மார்க், அதைவிடப் பெரிய தலைக்கனம். படித்து முடித்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருக்க வேண்டியவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஊரிலேயே தங்கிவிட்டேன். பழனி ரோட்டில் மாடியில் இயங்கிய ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். நூல் மில், குளிர்சாதனக் கிடங்கு, கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி, இவற்றுக்கெல்லாம் இயந்திரங்களை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதற்குள் இருக்கிற புரோகிராமும் செய்கிற இடம் அது. சேர்ந்த முதல் ஆறு வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். அப்புறம் எனக்கென்று ஒரு வேலை வந்தது. அதன் பெயர் நாடி.

நாடி என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மையில் அது ஒரு டீபக்கர், அதாவது பிழை தேடுகிற புரோகிராம். ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு புரோகிராமின் கையைப் பிடித்து, கண்சிமிட்டும் நேரம் நிறுத்தி, உள்ளே என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று படித்துக்கொண்டு, விட்டுவிடும். மறுபடி சில நிமிஷம் கழித்துப் பிடிக்கும், படிக்கும், விடும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இருந்ததால் அந்தப் பெயர். பிடித்திருக்கிற நேரத்தில் அந்தப் புரோகிராம் எதுவும் செய்யாது, உறைந்து நிற்கும். கண்சிமிட்டும் நேரம்தானே என்று யாரும் கவலைப்படவில்லை.

சரி, பிழை தேடுகிற புரோகிராமிலேயே பிழை இருந்தால்? இருக்கும். எங்கள் நாடியிலும் இருந்தது. ஒரு புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் கைவைத்தால், கம்ப்யூட்டரை ஆளுகிற அமைப்பு அதற்கு ஒரு சிக்னல் அனுப்பும். அந்தச் சிக்னலின் எண் பதினொன்று. வாங்கினால் சாவுதான். ஆனால் சாவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலையைச் செய்துகொள்ள அனுமதி உண்டு; என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். நாடிக்கான அந்தக் கடைசி வேலையை எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு மேலே இருந்தவர் நாச்சிமுத்து சார். ஒட்டன்சத்திரம் பக்கம். கல்லூரி வாசல் மிதிக்காதவர், ஐ.டி.ஐ. முடித்து மில்லில் வயர்மேனாக இருந்து, புரோகிராம் எழுதத் தானாகக் கற்றுக்கொண்டவர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கம்ப்யூட்டரைக்கூட. ‘செத்த இருங்க, யோசிக்கிறாருங்க’ என்பார் திரையைக் காட்டி. நாங்கள் எழுதியதை எடுத்துவந்து கொடுத்தால் கண்ணால் படிக்கமாட்டார். வரிவரியாக நம்மையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பார். எந்த இடத்தில் நாம் லேசாக வேகம் கூட்டுகிறோமோ அந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பார். அங்கேதான் பிழை இருக்கும். இது எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஒருநாள் சுவரில் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க நான் விரலை நீட்டினேன். சார் என் கையைத் தட்டிவிட்டார். முதலில் மெயினை அணைத்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். அதற்கும் அப்புறம் புறங்கையை லேசாகக் கொண்டுபோய்த் தொட்டுக் காட்டினார். எத்தனை தடவை சோதித்தாலும் கடைசியில் புறங்கைதானாம்.

“உள்ளங்கையால புடிச்சா கை மூடிக்குங்க. விடணும்னு நெனச்சாலும் விடாதுங்க. புறங்கைன்னா அதுவே தள்ளி விட்டுருங்க” என்றார். கூட வேலைபார்த்த ஒருவர் அப்படி ஒயரை இறுக்கிப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவராம். அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்தது.

நான் எழுதிய முதல் கடைசி வேலை ரொம்பச் சாதாரணம். ‘சிக்னல் பதினொன்றால் கொல்லப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நாடி செத்துப்போகும். அது அப்படியே இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. வேடசந்தூர் பக்கம் ஒரு மில். ஆயுத பூஜை அன்றைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். சூடம் காட்டுகிற நேரம் பார்த்து நாடி பதினொன்று வாங்கியிருக்கிறது. திரை முழுக்கச் சாவு, கொலை என்று வார்த்தை. மில்காரர் எனக்கு போன் போட்டு, நல்ல நாளும் அதுவுமா இதென்னம்மா பேச்சு என்று உண்மையாகவே மனசு நொந்துபோய்ப் பேசினார். அவர் திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நொந்து பேசியதால் மாற்றிவிட்டேன்.

எங்கள் ஊரில் யாரும் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் பெரியவர்கள் பதறிப்போய்த் திருத்துவார்கள். நானும் ‘போயிட்டு வாரேன்’ என்று மாற்றினேன். தமிழில், பெரிய எழுத்தில். அதோடு விட்டேனா? செத்தது தெரியாமல் கௌரவமாக முடியட்டும் என்று, நாடி எழுதுகிற பதிவேட்டில் ‘வழக்கமாக முடிந்தது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கப்புறம் சேர்த்துவைத்த குறிப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, ஒரு பிரதி எடுத்து, மூடிவைத்துவிட்டுப் போகும்படி செய்தேன். வீட்டைக் கூட்டிப்பெருக்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உயிரை விடுகிற மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சாரிடம் வாசித்துக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்து நின்றவர் கடைசிப் பகுதியில் திரும்பினார்.

“சொல்றதச் சொல்லிட்டுப் போகட்டுங்க, ஜெசிந்தா. ஆனா மொதல்ல கைய விட்டுட்டுச் சொல்லட்டுங்க” என்றார். நாடி அந்த நேரத்தில் எந்தப் புரோகிராமைப் பிடித்திருக்கிறதோ அதை முதலில் விட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் எந்தப் பேச்சும் என்பது அவர் சொன்னது. நாடி செத்தால் அமைப்பே கையை விடுவித்துவிடும் சார், தனியாக எழுத வேண்டியதில்லை என்றேன். நான் சொன்னது சரிதான். செத்தால் விடுவித்துவிடும். இந்த வயர்மேன் எனக்குச் சொல்லித் தருகிறாராக்கும் என்று மனசுக்குள் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

குஜிலியம்பாறையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே ஒரு ஹேச்சரி. மானாவாரிக் காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் நிலம் வெயிலில் தண்ணீர்போல நெளியும். அந்தப் பிரகாசத்திலிருந்து உள்ளே நுழைந்தால் ஒரு கணம் கண் தெரியாது. இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், ஒரே சீராக மின்விசிறி முனகல். சுவர் உயரத்துக்கு அடுக்கில் முட்டைகள். ஒரு மணிக்கு ஒரு தடவை அந்த அடுக்கு முழுவதும் மெதுவாகச் சாயும். தாய்க்கோழி அலகால் புரட்டுவதற்குப் பதில் அது. அந்த அறையில் நின்றால் எனக்கு எப்போதும் தூக்கம் வருகிற மாதிரி, யாரோ தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கும்.

அந்த அறை வெள்ளையம்மாவுடையது. முதலாளி வேறு ஒருவர், அவரை இங்கே பண்ணைக்காரர் என்றே சொல்கிறேன். ஆனால் அறை அவளுடையதுதான். என் வயதுக்காரி. கருவேலங்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து சைக்கிளில் வருவாள். முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் காட்டி, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முதல்நாள் ஒரு முட்டையை என் கண்ணருகே பிடித்தாள். சிவப்பாக நரம்புகள் கோலம்போல விரிந்திருந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி.

“ஏழாம் நாளு மேடம் இது. அசையாம நில்லுங்க, அது அசையும்” என்றாள். அசைந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தும் என் கண்ணுக்குள் அந்தப் புள்ளி அசைந்துகொண்டே இருந்தது.

சூட்டையும் அடுக்கையும் பார்த்துக்கொள்கிற அந்த ஹேச்சரியின் கட்டுப்பாட்டுப் புரோகிராம் அவ்வப்போது அடுக்கைச் சாய்க்க மறந்துவிடுகிறது என்று புகார். ஏன் என்று கண்டுபிடிக்க ஒருநாள் முழுக்க நாடியை மாட்டி வைக்கவேண்டும். காலையில் போய் மாட்டினேன். பிடித்தது, படித்தது, விட்டது. ஒழுங்காகத்தான் நடந்தது. மதியம் குஜிலியம்பாறைக்குச் சாப்பிடப் போனேன். சாப்பாட்டுக் கடையில் நல்ல கூட்டம். சாப்பிட்டு முடித்து, பஸ் நிறுத்தத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். என்ன கனவு என்றுகூட ஞாபகமிருக்கிறது: முட்டைகளெல்லாம் சிறுமலை மேல் மேகமாக மிதந்துகொண்டிருந்தன.

திரும்பிப் போனபோது அறைக் கதவுகள் திறந்துகிடந்தன. ஆட்கள் தட்டுகளை வெளியே தூக்கிவந்து நிழலில் சாக்குமேல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடுப்படிபோலக் காந்தியது. சூடேற்றும் கம்பி அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சூடு மீறினால் தானாக அணைக்கிற தனிக் கருவி ஒன்று உண்டு. அந்த வாரம் பார்த்து அது பழுதுபார்க்கப் போயிருந்தது. வெள்ளையம்மா கதவில் கைவைத்துப் பார்த்து, பதறி, மெயின் சுவிட்சை இழுத்து அணைத்திருக்கிறாள். இப்போது தரையில் உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்தாம் நாள் முட்டைகள். எதுவும் அசையவில்லை. அசையவில்லை என்று தெரிந்த பிறகும் அடுத்ததை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்ததும் உங்கள் புரோகிராம் என்ன ஆச்சு என்று கேட்டார். வெள்ளையம்மா தலை நிமிராமலே, “ஸ்கிரீன்ல போயிட்டு வாரேன்னு வந்துச்சு மேடம். நீங்க வேலைய முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதுவுமே நகரல” என்றாள். கம்ப்யூட்டரைப் போட்டு நாடியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மதியம், நான் கிளம்பிப் போன சற்று நேரத்தில், ‘வழக்கமாக முடிந்தது’ என்று இருந்தது. மெயினை அணைத்தது அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து. நடுவே எதுவும் இல்லை.

“அப்ப உங்க புரோகிராம் அப்பவே போயிருச்சா?” என்றார் பண்ணைக்காரர்.

“ஆமா சார், பதிவுல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

இந்த ஒரு வாக்கியம்தான் நான் செய்தது. நான் பொய் சொல்லவில்லை, பதிவில் இருந்ததைச் சொன்னேன். பண்ணைக்காரர் கணக்குப்போட்டுக்கொண்டார்: டீபக்கர் போன பிறகு அறையில் இருந்தவள் இவள் மட்டும், எதையோ அமுக்கியிருக்கிறாள், பயத்தில் மெயினை அணைத்து மறைக்கப் பார்த்திருக்கிறாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் கையிலிருந்த முட்டையை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னது காதிலேயே நின்றது. அதற்கப்புறம் எதுவுமே நகரல. நாடி போயிருந்தால் புரோகிராம் நகர்ந்திருக்குமே. மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் மேசைமேல் ஒரு சின்னப் பலகையை வைத்தார். அதில் ஒரு பல்பு. பல்பை அணைத்து அணைத்து எரியவிடுகிற ஒரு சின்னப் புரோகிராமை ஓடவிட்டார். அதன்மேல் நாடியை மாட்டச் சொன்னார். அப்புறம் வேண்டுமென்றே நாடிக்குப் பதினொன்றை அனுப்பச் சொன்னார்.

அனுப்பினேன். ‘போயிட்டு வாரேன்’ என்றது, போனது. பல்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி மாட்டினேன், அனுப்பினேன். போனது. இப்படியே காலை முழுக்க. ஒவ்வொரு தடவையும் சார் ஒரு தாளில் ஒரு கோடு போட்டார். தாள் பாதி நிறைந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. ஏதோ ஒரு தடவை, திரையில் ‘போயிட்டு வாரேன்’ வந்தது. பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அணையவில்லை.

புரிந்துவிட்டது. நாடி குறிப்பெழுத நினைவகத்தில் இடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதினொன்று வந்துவிட்டால், இடம் கொடுக்கிற அறை உள்ளிருந்து பூட்டிய நிலையில் இருக்கும். நான் எழுதிய அழகான கடைசி வேலையும் குறிப்புகளை ஒழுங்குபடுத்த அதே அறையில்தான் இடம் கேட்கும். பூட்டைத் திறக்கவேண்டியதும் அதுதான், திறக்கக் காத்திருப்பதும் அதுதான். ஆக அது சாகாது, பிழைக்கவும் பிழைக்காது. எங்கள் வீட்டுக்கு வருகிற சித்தி, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் அம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பேசுவாள். நாடியும் சொல்லிவிட்டு, கையை விடாமல் நின்றிருக்கிறது. சூடேற்றும் கம்பி எரிகிற நேரமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறது. முக்கால் மணி நேரம். அதுவும் ‘வழக்கமாக முடிந்தது’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு.

சார் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சொல்லவில்லை. “அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிருங்க” என்றார். அவ்வளவுதான்.

நான் போகவில்லை. எம்.டி.யிடம் போனேன். அவர் பதறிப்போய், அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடு, வெளியே மூச்சுவிட்டால் இன்னும் எத்தனை ஹேச்சரிக்காரர்கள் வருவார்களோ என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. எம்.டி. மேல் பழியைப் போடமாட்டேன். அவர் போ என்று சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேனா தெரியாது. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டும். அதைவிட, நான் எழுதியது தப்பு என்று ஒரு ஹேச்சரி முற்றத்தில் நின்று சொல்வது எனக்கு வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், மண்டியிட்டேன், எழுந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன். எல்லாம் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டால் அந்த அறை வந்துவிடும்.

சார் தினமும் காலையில் என் மேசைப் பக்கம் வருவார். “குஜிலியம்பாறை போயிட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்பார். ஊருக்குப் போனாயா என்று விசாரிக்கிற அதே மரியாதையான குரல். இல்ல சார் என்பேன். சரிங்க என்று போய்விடுவார். நீங்களே போய்ச் சொல்லுங்களேன் என்று ஒருநாள் கோபமாகக் கேட்டேன். “சிக்னல் யாருக்கு வந்துச்சோ அவங்கதானுங்க போகணும்” என்றார். அதற்கு மறுநாளும் வந்து கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் ஆபீஸ் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கால் போனது என்றுதான் சொல்லவேண்டும். மஞ்சப்பையில் அந்தப் பலகையும் பல்பும் இருந்தன. சனிக்கிழமையே எடுத்து வைத்திருந்திருக்கிறேன். குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், முன்சீட்டில் சார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாதுங்க, நானாகப் போகலாம்னு வந்தேனுங்க என்றார். இதற்கு மேல் காத்திருக்க அவருக்கும் முடியவில்லை போல.

வெள்ளையம்மாவை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டுதான் ஹேச்சரிக்குப் போனோம். பண்ணைக்காரரின் வராந்தாவில் பலகையை வைத்து, ஹேச்சரி கம்ப்யூட்டரை அங்கே கொண்டுவரச் சொல்லி இணைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பதிவில் ஒன்று எழுதியிருக்கிறது, இப்போது வந்து வேறு ஒன்று சொல்கிறீர்கள், இவள்மேல் பரிதாபப்பட்டு வந்திருக்கிறீர்களாக்கும் என்றார். நாடியை மாட்டி, பதினொன்றை அனுப்பினேன். போயிட்டு வாரேன் என்றது, போனது. பல்பு சிமிட்டியது. அவர் சிரித்தார். மறுபடி. போனது. மறுபடி. அந்தத் தருணத்தை வலிந்து வரவழைக்க எனக்குத் தெரியும், ஆனால் அப்படிச் செய்தால் ஜோடித்ததாகிவிடும் என்று சார் கண்ணாலேயே தடுத்தார். டீ வந்தது, ஆறியது. வெயில் படியேறி வந்தது. பண்ணைக்காரர் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தார். வெள்ளையம்மா மட்டும் தூணில் சாய்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கில் முட்டையைப் பார்க்கிற அதே பார்வை. என் முப்பது வருஷ வேலையில், நான் எழுதியது கெட்டுப்போகவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டது அந்த ஒருநாள்தான்.

மூன்று மணி இருக்கும். போயிட்டு வாரேன் என்று வந்தது. பல்பு எரிந்தது. நான் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. வராந்தாவில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து போனது, பல்பு எரிந்தது.

“இதேதான். இப்படித்தான் நின்னுச்சு” என்றாள் வெள்ளையம்மா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பண்ணைக்காரர் பல்பின் அருகே குனிந்து பார்த்தார். பதிவேட்டைக் காட்டச் சொன்னார். ‘வழக்கமாக முடிந்தது’ என்று புதிதாக ஒரு வரி இருந்தது. உள்ளே போய் அறைச் சாவியை எடுத்துவந்து வெள்ளையம்மாவின் கையில் கொடுத்து, நாளைக்கு வந்துரு என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்குக் கோபமாக இருந்தது. நானும் இன்னும் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

“இத நீங்க எப்ப மேடம் கண்டுபுடிச்சீங்க?”

சார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“நேத்துத்தான்” என்றேன்.

திரும்புகிற பஸ்ஸில் சார் தனியாக முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது, மூணு வரி போதுங்க என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி, பிடித்திருக்கிற கையை விடு. இரண்டாம் வரி, முன்பே எழுதி வைத்திருக்கிற ஒரே வாக்கியத்தைச் சொல், யாரிடமும் எதையும் கேட்காதே. மூன்றாம் வரி, எந்தச் சிக்னல் வந்ததோ அதே சிக்னலால் போ, வெளியே இருப்பவர்களுக்கு எதனால் போனாய் என்று உள்ளபடி தெரியட்டும். மேலே ‘புறங்கை’ என்று எழுதினேன். வேடசந்தூர் மில்காரருக்கு நானே போன் போட்டு, இனிமேல் சாவு என்றுதான் வரும், பூஜை அன்றைக்குத் திரையை அணைத்து வையுங்கள் என்றேன். எம்.டி. இரண்டு மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பதவி உயர்வு அடுத்த வருஷம் வந்தது. நாச்சிமுத்து சார் ஓய்வுபெற்று, ஒட்டன்சத்திரத்தில் தோட்டம் பார்த்து, சில வருஷம் முன்னால் காலமானார். அந்த ‘நேத்து’ பற்றி அவர் கடைசிவரைக்கும் என்னிடம் கேட்கவில்லை.

அந்தப் பெண்களின் செய்தி வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மேலே இருக்கிற ‘நேத்துத்தான்’ வரைக்கும் வந்தது, அதற்குமேல் கை ஓடவில்லை. போன சனிக்கிழமை குஜிலியம்பாறை பஸ் ஏறினேன். வெள்ளையம்மா இன்னும் அதே ஹேச்சரியில்தான் இருக்கிறாள். கட்டடம் புதுசு, அறை அதே வெதுவெதுப்பு, அதே முனகல். தலை நரைத்திருக்கிறது. என்னை அடையாளம் கண்டு, வாங்கக்கா என்றாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுக்கு ஒரு தடவை சாய்ந்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

“நேத்துன்னு சொன்னது பொய், வெள்ளையம்மா. எனக்கு அதுக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னாடியே தெரியும்.”

அவள் கையிலிருந்த முட்டையை விளக்கில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். “தெரியும்க்கா” என்றாள். “நேத்துத் தெரிஞ்ச மொகம் அப்படியா இருக்கும்?”

அப்புறம், என்னைப் பார்க்காமல், வேலையை நிறுத்தாமல் சொன்னாள்.

“அந்தப் பத்தொன்பது நாளும் ராவும் பகலும் அதே நெனப்பு. ஊரே கேக்குது, என்னத்தடி அமுக்குனன்னு. கேக்கக் கேக்க எனக்கே தெரியல. கண்ண மூடுனா, நான் போயி ஒரு சுவிட்ச அமுக்குற மாதிரியே வரும். எந்த சுவிட்சு, எந்தக் கையின்னு கூடத் தெரியும். நீங்க வந்தன்னைக்குக் காலையில நான் சைக்கிள எடுத்து வாசல்ல வச்சிருந்தேன்க்கா. மொதலாளிகிட்டப் போயி, ஆமா நான்தான் அமுக்குனேன்னு ஒத்துக்கிட்டு வந்துருவோம்னு.”

நான் அவள் வாசலுக்குப் போன அந்தத் திங்கட்கிழமை, சைக்கிள் படிக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவள் முட்டையை என் கண்ணருகே கொண்டுவந்து பிடித்தாள். அசையாம நில்லுங்க என்றாள். நான் நின்றேன்.

அந்த மூன்று வரிகளையும் எடுக்காதீர்கள், பெண்களே. அழகாக எதுவும் சேர்க்கவும் வேண்டாம்.